கறுத்த படங்கள்

"விலகுங்க! விலகுங்க!"

ராசம்மாளின் எக்ஸ்ரே படத்தைத் தலைக்கு மேலே பிடித்தபடி உலையை நோக்கி ஓடினான் தமிழ்ச்செல்வன். பெரியநாயக்கன்பாளையத்து வார்ப்பட ஆலை விடியும் முன்பே கொதித்துக்கொண்டிருந்தது. அவனுக்குப் பின்னால், உடைத்த அச்சுமண்ணின் புழுதிக்குள் ராசம்மாள் சுருண்டு உட்கார்ந்து இருமினாள். சம்மட்டி காலடியில் கிடந்தது.

"நேத்துதான் வண்டி கொண்டாந்து உங்களுக்கெல்லாம் எக்ஸ்ரே எடுத்தாச்சு. ஒண்ணுமில்லீன்னு டாக்டரே சொல்லிப்போட்டாரு," என்றார் முதலாளி மோகன்குமார். "இருமிக் காட்டுனா ஆச்சா அம்மணி? அச்சை உடைங்க. முடியலீன்னா ஊட்டுக்குப் போயிருங்க. நாளைக்கு வர வேண்டாம்."

"டாக்டரு என்னத்தைப் பாத்தாருங்க? படமே அடுப்புக்கரியாட்ட இருக்குது!" என்றான் தமிழ்ச்செல்வன்.

டியூப்லைட் வெளிச்சத்தில் படத்தில் விலா எலும்புகூடத் தெரியவில்லை. தமிழ்ச்செல்வன் உலையின் மூடியை நகர்த்தினான். உருகிய இரும்பின் ஒளி கண்ணைக் குத்தியது. கை மயிர் பொசுங்கப் படத்தை நீட்டிப் பிடித்தான்.

கறுப்புக்குள்ளிருந்து புள்ளிகள் எழுந்தன. இரண்டு நுரையீரலிலும், சலித்துத் தூவியதுபோல.

"நம்ம மண்ணேதான்," என்றாள் ராசம்மாள்.

பூவாத்தாள் தன் படத்தை எடுத்து வந்தாள். அடுத்து குமாரசாமி. எல்லாம் அதே கறுப்பு. உலை வெளிச்சத்தில் எல்லாவற்றிலும் அதே புள்ளிகள்.

மிச்சப் பேருக்குப் படம் எடுக்க வந்து நின்ற வண்டியிலிருந்து ஷைமா இறங்கினாள். எக்ஸ்ரே எடுப்பவள் அவள்தான்.

"கதிரைக் கூட்டுனாலும், நேரத்தைக் கூட்டுனாலும், படம் கழுவுற மருந்துல அதிகமா ஊறுனாலும் படம் கறுத்துருமுங்க. புள்ளியெல்லாம் முங்கிப்போயிரும்."

"அப்ப மறுபடி எடுங்க," என்றாள் பூவாத்தாள். "அதுவரைக்கும் ஒருத்தரும் இரும்பு ஊத்த மாட்டோம்."

"எதுக்கு மறுபடி? மெசின்ல ஒரு கோளாறும் இல்லை. அதே மெசின்லதான் நானும் நின்னேன். எம்பட படம் கண்ணாடியாட்ட இருக்குது!" என்றார் மோகன்குமார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

குமாரசாமி கையுறையைக் கழற்றிப் போட்டு ராசம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொருவராக எல்லோரும் புழுதியில் உட்கார்ந்தார்கள்.

"உலைல இரும்பு இறுகிப்போயிரும்டா!"

"எங்க நெஞ்சு இறுகிப்போச்சுங்களே," என்றான் தமிழ்ச்செல்வன்.

மோகன்குமார் ஷைமாவிடம் திரும்பினார். "வண்டில ஏறும்மா. இல்லீன்னா எந்தக் கம்பெனியும் இனி உங்களைக் கூப்பிடாது."

ஷைமா வண்டியைப் பார்த்தாள். பிறகு போய் ராசம்மாளின் மறுபக்கம் உட்கார்ந்தாள்.

"உங்க படத்துக்கு மட்டும்தாங்க சார் சரியான அளவு வெச்சோம். மத்தவங்களுக்கெல்லாம் கதிரை ஏத்தி வெக்கச் சொல்லி எங்க ஓனருக்குப் போன் பண்ணுனது நீங்கதானுங்களே."