இன்ஜின், மெதுவா சுத்தச் சொல்லு

1
இந்தக் கதை என் தங்கை கொடுத்த தண்டனை. "டார்ச் பிடிச்சதைத் தவிர என்ன கிழிச்சே? நடந்ததை எழுதவாவது செய்" என்றாள். என் அக்கா கணவர் அத்தானும் தங்கை கணவர் மாப்பிள்ளையும் சேர்ந்து மாவு மில் நடத்துகிறார்கள். பல மாதங்களாக இருவருக்கும் பேச்சே கிடையாது.

2
முதலில் இப்படித் தொடங்கினேன்: 'இயந்திரத்தின் இதயத்தில் ஒரு விரிசல்...' (அடித்துவிட்டேன். தேய்ந்தது புஷ்தான். பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடின் மேல் வளையத்துக்குள் இருக்கும் வெண்கல உறை. அது தேய்ந்ததிலிருந்து, மில் ஓடினால் உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுவதுபோல டொக் டொக்.)

சண்டைக்குக் காரணம், மாப்பிள்ளையின் குறட்டையை அத்தான் கேலி செய்தது. (நம்ப மாட்டீர்கள் என்று சொத்துத் தகராறாக மாற்றினேன். அக்கா படித்துவிட்டு, "நமக்கு ஏதுடா சொத்து?" என்றாள். குறட்டையே இருக்கட்டும்.)

3
பழைய புஷ்ஷை வைஸ் என்ற இரும்புப் பிடிப்பானில் வைத்து அழுத்தி வெளியே தள்ளியாயிற்று. புதியதை ஏற்ற இரண்டு பேர் வேண்டும். அத்தான் ராடைப் பிடித்தார்; மாப்பிள்ளை வைஸின் கைப்பிடியைச் சுற்றினார். பேச வேண்டியதை இருவரும் இன்ஜினிடம் பேசினார்கள்.

"இன்ஜின், மெதுவா சுத்தச் சொல்லு."

"இன்ஜின், ஆட்டாம பிடிக்கச் சொல்லு."

(நான் டார்ச்சோடு பக்கத்தில்தான் நின்றேன். என்னிடம் சொல்லியிருக்கலாம்.)

புஷ்ஷில் ஓர் எண்ணெய்த் துளை உண்டு. அது ராடின் துளையோடு பொருந்தாவிட்டால் எண்ணெய் இறங்காது, புஷ் சூடேறிப் பிடித்துக்கொள்ளும், மில் படுத்துவிடும். துளை விலகிப் போவது அத்தானுக்கு மட்டும் தெரிந்தது.

"இன்ஜின், ஓட்டை விலகுது, அவர்கிட்ட... இன்ஜின்... டேய், நிறுத்துடா!"

மாப்பிள்ளை நிறுத்தினார்.

"யாரை டேய்ங்கறீங்க?"

"உன்னைத்தான்!"

"அப்ப அன்னிக்கு ஊர் முழுக்கக் குறட்டைன்னு சொன்னதும் என்னைத்தானே?"

"பக்கத்து அறையில படுத்தது நான். வேற யாரைச் சொல்லணும்?"

கத்திக்கொண்டே புஷ்ஷை வெளியே எடுத்தார்கள், துடைத்தார்கள், துளை பார்த்து மறுபடி ஏற்றினார்கள், உள்பக்கத்தைச் சீவி அளவுக்குக் கொண்டுவந்தார்கள். புஷ்ஷுக்குள் பொருந்த வேண்டிய பிஸ்டன் பின்னைக் கட்டைவிரலால் தள்ளினார் அத்தான். வழுக்கிக்கொண்டு போயிற்று. இருவரும் குனிந்து பார்த்துத் தலையாட்டிவிட்டு, மறுபடி கத்தினார்கள்.

4
சத்தம் கேட்டு அக்காவும் தங்கையும் ஓடிவந்தார்கள்.

"என்னடா ஆச்சு?"

"சண்டை."

"நேருக்கு நேரா?"

"ஆமா."

"அப்பாடா!" என்று இருவரும் மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்கள்.

5
நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் இன்ஜின் ஓடியது. இன்னொன்றில் அத்தான் அழு... (வேண்டாம், அவர் படிப்பார்.) இன்ஜின் பாகங்களை மறுபடி பூட்டியாயிற்று. ஸ்டார்ட் செய்யும் கைப்பிடி இதோ, உங்கள் கையில். சுற்றினால் தட்டல் போயிற்றா என்று தெரிந்துவிடும். ஆனால் மில் ஓடத் தொடங்கினால் இவர்கள் பேசுவது கேட்காது. இப்போதுதான் மாப்பிள்ளை, "சரி, நீங்க ஏன் என் வீட்டுப் பக்கமே வரலை?" என்று கேட்டிருக்கிறார். அத்தான் வாயைத் திறக்கப் போகிறார்.