வெறும் வயிற்று ஜீப்

காமயகவுண்டன்பட்டியிலிருந்து மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் எங்கள் ஜீப்பில் ஒரு சட்டம் உண்டு. வயிற்றில் சோறு இருந்தால் ஏறக்கூடாது. கம்பம்மெட்டு வளைவுகளில் ஒருத்தி வாந்தி எடுத்தால் எல்லார் சேலையும் நாறும், வண்டியை நிறுத்திக் கழுவ வேண்டும், தோட்டத்துக்குப் பிந்தும். அதனால் கங்காணி சுந்தர்ராஜ் ஒரு வழி கண்டுபிடித்தார். விடிவதற்குள் டீக்கடை வாசலில் ஆளுக்கொரு கேஸ் மாத்திரை, ஒரு டீ. சோறெல்லாம் வெயில் ஏறிய பிறகு காட்டில்தான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற புண்ணியவான்!

என் அக்கா அன்னத்தாய் எட்டு வருஷமாக அதை விழுங்கினாள். வயிறு எரிந்தால் சாயங்காலமும் ஒன்று. எரிச்சல் அடங்கியது, வியாதி அடங்கவில்லை. போன மழைக்காலத்தில் அவள் விரல்கள் மரத்துப்போயின. செடியின் தூரில் கையை விட்டுத் தடவினால் காய் எது, கல் எது என்று தெரியவில்லை. மயக்கம் வேறு. தேனிக்குக் கூட்டிப்போனேன். வாய் வழியே குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதித்த டாக்டரம்மா கடைசியில் சொன்னார்.

"இரைப்பையோட உள்தோல் மெலிஞ்சு போயிருக்கு. அங்கங்க சின்னச் சின்னக் கட்டி. ஒரு கிருமி பல வருஷமா உள்ள இருந்து அரிச்சிருக்கு. நீங்க மாத்திரையப் போட்டு எரிச்சல மட்டும் அமுக்கிட்டீங்க. அமிலம் குறைஞ்சதால சத்தும் சரியா சேரல, அதான் கை மரத்துருச்சு. இப்போதைக்குப் புத்துநோய் இல்ல. இப்படியே விட்டா வரலாம்."

கிருமிக்கு மருந்து, சத்துக்கு ஊசி. பிறகு மாத்திரையை மெல்லக் குறைத்து நிறுத்த வேண்டும். நிறுத்தினால் கொஞ்ச நாள் முன்பைவிட எரியும், அதற்காகத் திரும்ப விழுங்கக் கூடாது. காலையில் கட்டாயம் சாப்பிட வேண்டும். அக்கா எல்லாவற்றுக்கும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினாள்.

எல்லாம் முடிந்து மறுபடி வேலைக்குக் கிளம்பிய அன்று நான் தூக்குவாளியில் இட்லி கொண்டுபோனேன். சுந்தர்ராஜ் வழக்கம்போல மாத்திரை அட்டையைக் கிழித்தபடி வந்தார்.

"அன்னத்தாயி, இந்தா."

அக்கா கையை நீட்டினாள். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. மாத்திரையைத் தட்டிவிட்டேன்.

"ஏண்ணே, நீங்க என்ன டாக்டரா? இவ வயித்துத் தோலு தேஞ்சு கெடக்குன்னு டாக்டரம்மா சொன்னாக. இன்னும் எம்புட்டுக் குடுப்பீக?"

"நல்லதுக்குத்தானத்தா குடுக்கேன். வேண்டாம்னா விடு. ஏறுங்க, நேரமாச்சு."

"அவ சாப்பிட்டுத்தான் ஏறுவா. வண்டி நிக்கட்டும்."

ஜீப்புக்குள்ளிருந்து சந்தனம்மாள் கத்தினாள். "ஒருத்திக்காக அம்புட்டுப் பேரும் காத்துக் கெடக்கவா? தின்னுட்டு வந்து எம் மடியில கக்கவா?" வாயில் மாத்திரையை ஒதுக்கிக்கொண்டுதான் கத்தினாள். அவள் வயிறு எந்த லட்சணத்தில் இருக்கிறதோ! ஜீப்பைக் குடைசாய்த்து விடலாமா என்று வந்தது எனக்கு.

ஜீப் நிற்கவில்லை. எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டுப் போனது.

அக்கா என் மேல் பாய்ந்தாள். "போச்சா? நாளைக்கு வேற ஆள ஏத்திருவாக. ஒன் வாயால கெட்டோம்டி."

"ஏத்தட்டும். நீ தின்னு."

"எரியுதுடி விஜி. ஒண்ணே ஒண்ணு போட்டுக்கிறேன்."

"எரியும்னுதான் சொன்னாக. தின்னு!"

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இட்லியை எடுத்தாள். இன்னும் மரப்பு முழுசாக விடாத விரலில் நிற்காமல் அது கீழே விழுந்தது. இன்னொன்றைப் பிட்டு நானே ஊட்டினேன். டீ குடிக்க வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள், பார்க்கட்டும். அக்கா மெதுவாக மென்று விழுங்கினாள்.

"காலையில பசிக்கும்கிறதே மறந்துபோச்சுடி" என்றாள்.

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபத்தோடு அடுத்த இட்லியைப் பிட்டு அவள் வாயில் வைத்தேன்.