ராயப்புவுக்கு ஒரு கோப்பைத் தண்ணீர்

பல் பிடுங்க வருகிறவர்களில் தைரியசாலி என்று ஒருவரையும் நான் இதுவரை கண்டதில்லை. பயந்தவர்கள், மிகவும் பயந்தவர்கள் என்று இரண்டே வகைதான். கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட, மாடியில் இருக்கிற டொக்டர் ராஜலிங்கத்தின் பல் கிளினிக்கில் பெயர் பதிகிறவள் நான். பெயர் ஷாமலா. குரல் கொஞ்சம் கனம், கோபம் அதைவிடக் கனம். காலையில் குண்டசாலையில் பஸ் ஏறும்போதே கொண்டக்டரோடு ஒரு சண்டை பிடித்துவிட்டுத்தான் வேலைக்கு வருவேன். அது இல்லாவிட்டால் எனக்கு அந்த நாள் சரியாகப் போகாது.

காத்திருக்கும் அறையில், டொக்டரின் கதவை ஒட்டினாற்போல ஒரு மீன் தொட்டி இருக்கிறது. அதில் சில சின்ன மீன்களும் ஒரு பெரிய தங்கமீனும். பெரியதற்கு ஒரு கண் இல்லை. மீன் பிடித்த புனித இராயப்பரின் பெயரை மீனுக்கே வைத்தால் பாவமாகுமா என்று ஒரு ஞாயிறு பூசை முழுக்க யோசித்தேன். ஆகாது என்று நானே தீர்மானித்து, ராயப்பு என்று கூப்பிடத் தொடங்கினேன். நாள் முழுக்க வீங்கிய கன்னங்களையே பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு, முனகாத முகம் அவனுடையது ஒன்றுதான். அவன்மேல் எனக்கு உயிர்.

அந்தத் தொட்டித் தண்ணீர்தான் இந்த வருடம் பச்சையாகத் தொடங்கியது. முதலில் கண்ணாடியில் மெல்லிய பாசி. பிறகு கற்களில். ஆடி மாதம் வந்தபோது தொட்டி முழுக்க இலைக்கஞ்சி காய்ச்சி ஊற்றியது போல ஆகிவிட்டது. ராயப்பு கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தால் மட்டும் ஒரு செம்மஞ்சள் நிழல் தெரியும்.

ஒருநாள் டொக்டர் கையுறையோடு வெளியே வந்து குனிந்து பார்த்தார். இதற்குள் மீன் இருக்கிறதா என்று கேட்டார். தொட்டியே இப்படி இருந்தால் உள்ளறையில் இருக்கிற பல் பிடுங்கும் குறடுகள் எப்படி இருக்கும் என்று ஆட்கள் நினைப்பார்களாம். அதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அவர் ஏற்கெனவே ஒரு பெரிய தொலைக்காட்சிப் பெட்டியை வாங்கி மூலையில் வைத்திருந்தார். பெரஹரா ஊர்வலம் முடிந்ததும் தொட்டி இருக்கிற இடத்தில் அதைச் சுவரில் பூட்டப்போகிறாராம். மீன்களைக் கண்டி வாவியில் விட்டுவிடலாமாம்.

வாவிக் கட்டு நெடுக நீர்க்காகங்கள் உட்கார்ந்திருப்பதை அவர் தினமும் காருக்குள் இருந்து பார்க்கிறவர்தான். ஒற்றைக்கண்ணன் ராயப்பு அங்கே ஒரு மாலைப்பொழுது தாங்கமாட்டான். தண்ணீரைத் தெளிய வைத்துக் காட்டுகிறேன், பிறகு பேசுவோம் என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேனே தவிர, எப்படி என்று தெரியாது. சனிக்கிழமைகளில் தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பினேன். கற்களை அரிசி மாதிரிக் களைந்தேன். வடிகட்டிக்குள் இருக்கிற பஞ்சைக் குழாயடியில் வைத்துப் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை மாதிரிக் கசக்கினேன். ராயப்பு நன்றாகத் தெரியட்டும் என்று விளக்கைக் காலையிலிருந்து பூட்டும்வரை எரிய விட்டேன். செவ்வாய்க்கிழமை தண்ணீர் கலங்கும், வெள்ளிக்கிழமை பச்சையாகும். நான் எவ்வளவுக்குக் கழுவினேனோ அவ்வளவுக்கு அது வளர்ந்தது.

கடைசியில் மடவளையில் மீன் கடை வைத்திருக்கிற ரிஸ்மியிடம் போனேன். பாசி தின்னும் மீன் ஒன்றையும் இரண்டு நத்தைகளையும் ஒரு நீல மருந்துப் போத்தலையும் என் தலையில் கட்டினான். அதோடு கொஞ்சம் புத்தியும் சொன்னான்.

"தண்ணிய முழுசா மாத்த வாணாம் மிஸ். கொஞ்சம் எடுத்து கொஞ்சம் ஊத்துங்க, அதுவும் ஒரு நாள் வாளியில வச்ச தண்ணி. பஞ்சையும் போட்டுக் கசக்க வாணாம், அழுக்கத் தின்னுற கண்ணுக்குத் தெரியாத உசுரெல்லாம் அதுலதான் இரிக்கு. லைட்டயும் கொறைங்க. சாப்பாடு கூடுதலாப் போடுறீங்களோ?"

அந்தக் கடைசிக் கேள்விதான் எனக்குப் பிடிக்கவில்லை. காலையில் ஒரு சிட்டிகை போடுகிறவளைப் பார்த்து இவன் இப்படிக் கேட்பதா? முகத்தில் அடித்தாற்போல ஒரு பதில் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். மருந்தை ஊற்றினேன். தண்ணீர் பச்சையிலிருந்து நீலப் பச்சைக்கு மாறியது, அவ்வளவுதான். நத்தைகள் எங்கே போயின என்று கூடத் தெரியவில்லை.

இதற்குள் பெரஹரா வந்துவிட்டது. நகரத்துக்குள் பாதைகளை மூடிவிட்டால் ஆட்கள் வரமுடியாது என்று டொக்டர் கிளினிக்கைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு திருகோணமலைக்குப் போய்விட்டார். கதவுத் திறப்பையும் கையோடு கொண்டுபோய்விட்டார். ராயப்புவுக்குச் சாப்பாடு இல்லை, விளக்கு இல்லை. ஊரெல்லாம் யானை பார்க்கப் போக, நான் வீட்டிலிருந்து அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தேன். கிளினிக் திறந்த அன்று, அவன் வயிற்றைக் காட்டி மிதப்பதைப் பார்க்கும் துணிவில்லாமல் ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டுதான் தொட்டிக்குப் பக்கத்தில் போனேன்.

தண்ணீர் தெளிந்திருந்தது. கண்ணாடி போல என்று சொல்லமாட்டேன், ஆனால் பின்பக்கச் சுவரில் பல்லி இருப்பது தெரிந்தது. ராயப்பு பசியோடு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினான். காணாமல்போன நத்தைகளும் கல்லுக்குப் பின்னால் சுகமாக இருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே யோசித்தேன். இந்த நாட்களில் நான் கழுவவில்லை, மருந்து ஊற்றவில்லை, விளக்கும் எரியவில்லை. வேறு என்ன இருக்கவில்லை? நோயாளிகள் இருக்கவில்லை.

டொக்டரும் பார்த்தார். வியப்பை மறைத்துக்கொண்டு, மாதம் முடியும்வரை இப்படியே இருந்தால் யோசிக்கலாம் என்றார். அன்றைக்கே நான் துப்பறியத் தொடங்கினேன். ஒருவரின் முறை வந்ததும் அவருடைய அட்டையை எடுக்க நான் அலுமாரிப் பக்கம் திரும்புவேன். அந்த நேரத்தில் அவர் தொட்டியைத் தாண்டித்தான் டொக்டரின் கதவுக்குப் போகவேண்டும். அலுமாரிக் கதவில் ஒரு கண்ணாடி இருக்கிறது. அதுவரை அதில் என் கொண்டையை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

அன்று கண்ணாடியில் பார்த்தேன். கழுத்துப் பட்டி கட்டிய ஒரு பெரிய மனிதர் சட்டைப்பையிலிருந்து மாரி பிஸ்கட் எடுத்து நொறுக்கிப் போட்டார். ஒரு பெண்பிள்ளை கடலை போட்டாள். மடவளையிலிருந்து பல் காட்ட வந்த சகீனா கைப்பையைத் திறந்து, பொலித்தீனில் சுற்றிய தொதல் இனிப்பைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டார். மீன் தொட்டிக்குள் தொதல். நான் பாய்ந்துபோய்க் கையைப் பிடித்துவிட்டேன்.

சகீனா ஒன்றையும் மறைக்கவில்லை. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து நல்லம்மாவுக்கு இங்கேதான் பல் பிடுங்கியதாம். வலியில் தான் சாப்பிடமுடியாத ரொட்டியை மீனுக்குப் போட்டாராம். மீன் வாயைத் திறந்து வாங்கியது, அவருடைய பல் எறும்பு கடித்த நோவுகூட இல்லாமல் வந்துவிட்டது. அதை அவர் லயத்து வீடுகளில் சொன்னார், பஸ்ஸில் சொன்னார், சந்தையில் சொன்னார். இப்போது மீனுக்கு எதையாவது கொடுக்காமல் ஒருவரும் டொக்டரின் கதிரையில் ஏறுவதில்லையாம். தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, எதற்கும் இருக்கட்டும் என்றுதான் போட்டேன் என்றார் சகீனா. இத்தனை நாளும் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் ஏசுவீர்கள் என்று எல்லாருக்கும் பயம் என்றார். ஊரே சேர்ந்து என் முதுகுக்குப் பின்னால் என் மீனுக்கு விருந்து வைத்திருக்கிறது, அவன் தின்று மிஞ்சியதில்தான் பாசி கொழுத்திருக்கிறது. ரிஸ்மியிடம் பட்ட கோபத்தை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

உடனே தடித்த எழுத்தில் ஒரு பலகை மாட்டினேன், மீனுக்கு உணவு போடக்கூடாது என்று. தண்ணீருக்கு அது நல்லதாகவே இருந்தது. ஆனால் பல் டொக்டருக்கு இல்லை. பலகையைப் படித்தவர்கள் தொட்டியையும் கதவையும் மாறிமாறிப் பார்த்தார்கள். முறை வந்ததும் நாளைக்கு வருகிறேன் என்று படியிறங்கினார்கள். டொக்டர் உள்ளே வெறும் கதிரையைச் சுற்றிச்சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்த பார்வையில், பலகையோடு சேர்த்துத் தொட்டியும் போகும் என்று தெரிந்தது.

அப்படி இருக்கும்போது நல்லம்மாவே வந்தார், இன்னொரு பல்லோடு. கன்னம் பேக்கரிப் பணிஸ் போல வீங்கியிருந்தது. கையில் ரொட்டி. பலகையை யாரோ அவருக்குப் படித்துக் காட்டினார்கள். அவர் ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாயை இறுக மூடிக்கொண்டார். டொக்டரே வெளியே வந்து கூப்பிட்டும் அசையவில்லை. காத்திருந்தவர்கள் எல்லாரும் அவர் பக்கம். நான் ஒருத்திதான் எதிர்க்கட்சி.

"மீனுக்கு ஒண்ணும் குடுக்காம நான் வாயத் தொறக்க மாட்டேங்க. கொன்னாலும் தொறக்க மாட்டேன்" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டே.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. கோபத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்யும். ரிஸ்மி சொன்னபடி வாளியில் எடுத்து வைத்திருந்த தண்ணீரைக் காட்டினேன்.

"அவனுக்கு ரொட்டி வேணாம் அம்மா, தின்னு தின்னு சாகப் பாத்தான். அவனுக்கு வேண்டியது நல்ல தண்ணிதான். தொட்டியில ஒரு கோப்பை எடுத்து வெளியில அந்தூரியப் பூச்சாடிக்கு ஊத்துங்க. இந்த வாளியில ஒரு கோப்பை எடுத்து அவனுக்கு ஊத்துங்க. ரொட்டிய விட இதுதான் அவனுக்குப் பெரிசு."

நல்லம்மா யோசித்தார். அறை முழுக்க அவரோடு சேர்ந்து யோசித்தது. தண்ணி குடுக்கிறதும் புண்ணியந்தானுங்களே என்று கடைசியில் எழுந்தார். மாடி முகப்பில் இருந்த அந்தூரியச் சாடிக்கு ஊற்றிவிட்டு வந்து, புதுத் தண்ணீரைக் கோயில் தீர்த்தம் போலப் பக்குவமாக ஊற்றினார். ராயப்பு மேலே வந்து வாயைத் திறந்தான். கெட்டிக்காரன். நல்லம்மாவும் வாயைத் திறந்தார்.

அதன் பிறகு நான் ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை. நல்லம்மா இருக்கும்போது எனக்கு விளம்பரம் எதற்கு? பல் பிடுங்க வருகிற ஒவ்வொருவரும் ஒரு கோப்பை எடுத்தார்கள், ஒரு கோப்பை ஊற்றினார்கள். ரிஸ்மி சொன்ன வேலையைக் கண்டி முழுக்கச் சேர்ந்து செய்தது. விளக்கைக் கொஞ்ச நேரம் மட்டும் போட்டேன். தண்ணீர் தெளிந்துகொண்டே வந்தது. அந்தூரியங்கள் கல்யாண வீட்டுக்குக் கொடுக்கும் அளவுக்குப் பூத்தன.

ஆனால் டொக்டர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த மனிதர். வலிக்காதது தன்னுடைய ஊசியால், மீனால் அல்ல என்று அவருக்குத் தெரியும். அதற்கான பெயர் மீனுக்குப் போவதை அவரால் தாங்கமுடியவில்லை. நிலமெல்லாம் ஈரம், யாராவது வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு, இது மூடநம்பிக்கை என்று அடுக்கினார். தண்ணீர் தெளிந்தது சரி, தொட்டி போவதும் சரி என்றார். சனிக்கிழமை காலையில் மின்சார வேலை செய்யும் கணேஸ் வந்து தொலைக்காட்சிப் பெட்டியைச் சுவரில் பூட்டுவான் என்று சொல்லிவிட்டார். நான் வாதாடினேன், கத்தினேன், ஒருநாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை.

சனிக்கிழமை நான் வழமையைவிட முந்தியே வந்தேன். கையில் மூடியுள்ள ஒரு வாளி. ராயப்புவைக் குண்டசாலை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவதென்று முடிவு. கொண்டக்டர் கேட்டால் அவனுக்கும் ஒரு டிக்கெட் எடுப்பேன்.

கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. உள்ளறையில் டொக்டரோடு படித்த டொக்டர் டொரதி ஊசி மருந்தை எடுத்துக்கொண்டிருந்தார். தொட்டிக்குப் பக்கத்தில் நம்முடைய டொக்டர். வலது கன்னம் பணிஸ். ஒரு கையால் அதைத் தாங்கிக்கொண்டு, மற்றக் கையில் கோப்பையை வைத்துக்கொண்டு நின்றார்.

என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். என் வாயில் ஒரு வருடத்துக்குப் போதுமான பேச்சு இருந்தது. ஆனால் அவர் உள்ளறை ஊசியையும் தொட்டியையும் மாறிமாறிப் பார்த்ததைக் கண்டபோது, பாவம், அவரும் மிகவும் பயந்தவர்களில் ஒருவர் என்று தெரிந்தது. நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு, அட்டை எடுக்கப்போகிறவள் போல அலுமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது. ஒரு கோப்பை எடுத்தார், மாடி முகப்புக்குப் போனார், வந்தார், ஊற்றினார். பாதி தொட்டிக்குள், பாதி நிலத்தில்.

"ஷாமலா, கடைவாய்ப் பல்லுக்கு ஒண்ணு போதுமா?"

"எதுக்கும் ரெண்டு ஊத்துங்க டொக்டர்" என்றேன், திரும்பாமல்.

கணேஸ் துளை போடும் கருவியோடு வந்தபோது பல் வந்துவிட்டிருந்தது. டொக்டரின் வாய் நிறையப் பஞ்சு. பெட்டியை எங்கே பூட்டுவது என்று கணேஸ் கேட்டான். டொக்டர் மூலையைக் காட்டினார், படியைக் காட்டினார், கையை அசைத்தார். என்ன சொல்கிறார் என்று அவன் என்னைக் கேட்டான்.

"பெட்டிய வந்த கடைக்கே திருப்பிக் கொண்டுபோகச் சொல்றார்" என்றேன்.

டொக்டர் என்னைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து, குனிந்து, நிலத்தில் தான் சிந்திய தண்ணீரைத் துடைக்கத் தொடங்கினார்.