உடைக்க ஒரு கிண்ணம்

சமையலறை அலமாரியின் கடைசித் தட்டு வரை கைவிட்டுத் துழாவிவிட்டாள் மிட்சுயே. அப்பாவின் கிண்ணம் இருந்தது. கல்யாணமாகிப் போன பிறகும் எடுத்துவைத்திருந்த அவளுடைய சின்ன வயசுக் கிண்ணம்கூட இருந்தது. அம்மாவுடையதுதான் இல்லை.

வாசலில் சவப்பெட்டியைத் தூக்க ஆட்கள் தயாராக நின்றார்கள்.

"கிடைச்சுதாம்மா?" பக்கத்து வீட்டு யோனே சத்தம் போட்டாள். "பெட்டி படி இறங்குறப்ப அவ சாப்பிட்ட கிண்ணத்தை உடைச்சாகணும். இல்லேன்னா இந்த வீட்டுல இன்னும் சோறு இருக்குன்னு திரும்பி வந்துருவா."

"அம்மாவுக்குன்னு கிண்ணமே காணோம்க்கா."

"நல்லாருக்கே! ஊருக்கெல்லாம் கிண்ணம் சுட்டுக் குடுக்கிற வீடு!"

வாசலில் யாரோ சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

அம்மா ஷிகெனோவின் கிண்ணம் உடைந்து பல வருஷமாகிறது. அடுத்த சூளையில் ஒன்று எடுத்துக்கொள்கிறேன் என்றாள். சூளை பிரிக்கிற அன்றெல்லாம் வியாபாரியின் வண்டி வாசலில் வந்து நின்றது. நல்லது அவனுக்குப் போயிற்று. கோணல் சந்தைக்குப் போயிற்று. மிட்சுயே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன அலுமினியச் சோற்று டப்பாவில்தான் அம்மா சாப்பிட்டாள், பட்டறையிலேயே, பாதி நாள் நின்றபடியே.

அப்பா டோமெகிச்சி மண் மிதித்துச் சக்கரத்தில் கிண்ணம் எழுப்புவார். அதன்மேல் இரும்புச் சாயம் தொட்டு அம்மா தூரிகையால் எழுதுவாள். எப்போதும் ஒரே கதைதான். படகுத்துறையில் காத்திருக்கிற ஒருத்தியின் பழங்கதை. கிண்ணத்துக்கு ஒரு வரி. ஏழு கிண்ணத்தில் கதை முடியும். தேநீர் விருந்து வைக்கிறவர்கள் ஒன்றோ இரண்டோ வாங்கிப் போவார்கள்.

"முழுக் கதை ஒருத்தர் வீட்லயும் இல்ல பாரு. எங்க போனாலும் பாவம் அவ நின்னுட்டே இருக்கா," என்று அம்மா சிரிப்பாள்.

போன மாதம்தான் ஒரு கோயிலிலிருந்து ஏழும் வேண்டுமென்று கேட்டார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுதினாள். கடைசிக் கிண்ணத்தில் 'படகு வந்தது' என்ற வரி. முடிகிற இடத்தில் கை நழுவி, கோடு கிண்ணத்தின் அடிவரை இறங்கிவிட்டது. சூளை பிரித்த அன்று அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சுட்ட பிறகு அது எப்படி வந்திருந்தது என்று அவள் பார்க்கவில்லை.

அப்பா பட்டறையிலிருந்து வந்தார். கறுப்புக் கோட்டு, நகக்கண்ணில் மண். கையில் அந்தக் கிண்ணம்.

"இந்தா. இதை உடை."

"அப்பா, இது கோயிலுக்குப் போறது."

"வேற சுட்டுக்கலாம்."

"சுடலாம். யாரு எழுதுவா?"

அவர் கிண்ணத்தை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். "அவளுதுன்னு ஒண்ணு உடையணும்ல. உடை." விறுவிறுவென்று வாசலுக்குப் போய்ப் பெட்டியின் தலைமாட்டில் கை கொடுத்தார்.

குருக்களின் மணி ஒலித்தது. பெட்டி எழுந்தது.

"ஏம்மா, சீக்கிரம் வா!" என்றாள் யோனே.

மிட்சுயே கிண்ணத்தின் அந்த நீண்ட கோட்டைக் கட்டைவிரலால் தடவினாள். அதை அரிசிப் பானையின் மேல் வைத்தாள். அடுப்போரம் கவிழ்த்திருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினாள். பெட்டி படி இறங்கும்போது, வாசல் கல்லில் ஓங்கி அடித்தாள்.

டணங்கென்று எகிறியது. மூடி ஒரு பக்கம் பறந்தது. டப்பா உருண்டு சாக்கடையில் விழுந்தது.

"ஐயோ, உடையலையே!"

"உடையாதுக்கா. அம்மா அதுலதான் சாப்பிட்டா."

பெட்டியைப் பிடித்திருந்தவர்கள் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் சாக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடங்க," என்றார்.

தகனம் முடிந்து எலும்புக் கலயத்தோடு திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. கலயத்தைக் கூடத்தில் வைத்துவிட்டு அப்பா கோட்டைக் கழற்றினார். சாக்கடையில் இறங்கி டப்பாவை எடுத்துக் கழுவினார். மண் தட்டுகிற கட்டையால் உள்ளேயிருந்து நெளிவைத் தட்டித் தட்டி நிமிர்த்தினார். மூடி மட்டும் பொருந்தவே இல்லை.

"சோறு இருக்கா?"

மிட்சுயே அவருடைய கிண்ணத்தை எடுக்கப் போனாள். அவர் டப்பாவை நீட்டினார். குவித்து வைத்தாள். அதைக் கலயத்தின் முன் வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் அரிசிப் பானையின் மேல் இருந்த கிண்ணத்தைப் பார்த்தார்.

"கோயிலுக்கு ஆறு போதும்."

"கதை முடியாதேப்பா. கேட்டா?"

"அவ அங்க நிக்கட்டும்னு சொல்லு."

அந்தக் கிண்ணத்தில் தேநீர் ஊற்றி, இரண்டு கையாலும் எடுத்து வந்து டப்பாவின் பக்கத்தில் வைத்தார். எழுந்தவர் மறுபடி மண்டியிட்டார். எழுத்து இருக்கும் பக்கம் கலயத்தைப் பார்க்கும்படி கிண்ணத்தை மெல்லத் திருப்பி வைத்தார்.