நூற்றில் பத்து

"கள்ள மெஷின்!" என்று என் வீட்டுக்காரர் அலெக்சாண்டர் கத்தியது மாடி முழுக்கக் கேட்டது. ஞாயிறு பூசைக்குப் போட்ட சட்டையைக்கூட அவர் மாற்றியிருக்கவில்லை. சிங்கப்பூர் டன்லப் தெருவில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே, ஒரே அடுப்படியைப் பங்கிட்டுக்கொண்டு நாங்களும், ரவூப்பும் அவர் மனைவி ஜைனபும் குடியிருந்த காலம். எண்பத்தைந்தாம் வருஷம் என்று நினைவு. ரவூப் யாரிடமோ பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்திருந்தார்.

விளையாட்டு இதுதான், கண்ணுகளா. திரையில் ஒரு தீவு. என் வீட்டுக்காரரும் ரவூப்பும் ஒரு படை, மெஷின் எதிர்ப்படை. தாக்குவதற்கு முன்னால், ஜெயிக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று அதுவே காட்டும். அன்றைக்குத் தொண்ணூறு என்று காட்டிவிட்டுத் தோற்கடித்துவிட்டது.

"தொண்ணூறுன்னு சொன்னா ஜெயிக்க வேணாமா?"

"மிச்சம் பத்து யாருக்காச்சும் விழணும்லா, அண்ணே. போன வாரம் இருபதுல ஜெயிச்சீங்களே, அப்ப மட்டும் நல்ல மெஷினா?" என்று கேட்டார் ரவூப்.

தோல்வி பதிவாகும் முன்னே அலெக்சாண்டர் விளையாட்டு இருந்த டிஸ்க்கை வெடுக்கென்று வெளியே இழுத்தார். மறுபடி போட்டால் சண்டைக்கு முந்தைய நிலைமை அப்படியே இருக்கும்.

"அழுகுணி ஆட்டம்! விழுந்தது விழுந்ததுதான், அண்ணே" என்றார் ரவூப்.

"மதலேனாக்கா, தளபதிங்க ரெண்டு பேருக்கும் டீ வேணுமான்னு கேளுங்க" என்று ஜைனப் இக்கான் பிலிஸ் நெத்திலியை ஆய்ந்துகொண்டே என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

பிறகு கட்டடத்தை இடிக்கப்போவதாகச் சொன்னார்கள். மாற்று வீடு குலுக்கலில். பத்துச் சீட்டில் ஒன்பது கிளமெண்டி, ஒன்றுதான் தள்ளியிருந்த புக்கிட் பாஞ்சாங். கிளமெண்டியிலும் பக்கத்துப் பக்கத்து வீடுதான் என்று ஜைனபும் நானும் முடிவே கட்டிவிட்டோம். "கதவத் தொறந்தே வெச்சிருப்போம், அக்கா" என்பாள்.

எங்களுக்குக் கிளமெண்டி விழுந்தது. அடுத்து ரவூப் பெட்டிக்குள் கைவிட்டு எடுத்தார். புக்கிட் பாஞ்சாங். ஜைனபின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின.

ரவூப் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணே, இத வெளிய இழுக்க முடியாதா?" என்றார். எங்களைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னார். அலெக்சாண்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீடு மாறிய காலையில் கம்ப்யூட்டரை எங்கள் லாரியில் ஏற்றியதே ரவூப்தான். டிஸ்க் மட்டும் உறையோடு ஜைனபின் மடியில் இருந்தது.

"மெஷின் உங்ககிட்ட, டிஸ்க் எங்ககிட்ட. இனி எப்படி வராம இருக்க முடியும்லா?" என்றார் ரவூப்.

கிளமெண்டியில் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் என் வீட்டுக்காரர் மெஷினைப் போட்டுவிடுவார். டிஸ்க் இல்லாத கறுப்புத் திரையில் ஒரு பச்சைக் கட்டம் மட்டும் மின்னி மின்னி நிற்கும். அவர்களுக்குப் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து பஸ் மாறி மாறி வர வேண்டிய தூரம். நான் நாலு பேருக்கு டீத்தண்ணி வைப்பேன். வாசல் கதவு திறந்தே இருக்கும்.