சரக்கு வராத கொள்முதல்

பொத்தான்கடை அண்ணி பேரத்தில் யாரிடமும் தோற்றதில்லை. கொழுந்தன் தூண்டிவிட்டுப் பங்குச்சந்தைக் குறியீட்டில் ஒரு ஃபியூச்சர், அதாவது முன்பேர ஒப்பந்தம், வாங்கியபோதும், கடைக்கு ஜிப் மொத்தமாக வாங்கப் பேசி முடிக்கிற தோரணையிலேயே முடித்தாள். இன்றைக்கு விலை பேசுவது, மாதக் கடைசியில் கணக்குத் தீர்ப்பது, இப்போதைக்குக் கொஞ்சம் மார்ஜின் பணம் கட்டுவது. "அட்வான்ஸ்தானே, எனக்குத் தெரியாததா!" என்றாள்.

வாரம் பிறந்ததும் சந்தை சறுக்கியது. காலையிலேயே புரோக்கர் போன் செய்தான்.

"அக்கா, மார்ஜின் குறைஞ்சுபோச்சு. மத்தியானத்துக்குள்ள பணம் போடுங்க."

"எதுக்குப்பா? அட்வான்ஸை நீயே வச்சுக்க. எனக்குச் சரக்கு வேண்டாம், ஆளை விடு."

அவன் சிரித்துவிட்டான். "சரக்கே கிடையாதுக்கா. பெரிய கம்பெனிங்க விலையெல்லாம் சேர்த்துக் கட்டின ஒரு எண்ணு, அவ்வளவுதான். அது எறங்க எறங்க அன்னன்னைக்கே உங்க காசுல கழியும். மார்ஜின் வெறும் பிணை. நஷ்டம் அதோட நிக்காது; மொத்த ஒப்பந்தத்துக்கும் நீங்கதான் பொறுப்பு."

அண்ணி கையிலிருந்த பொத்தான் அட்டையைக் கீழே வைத்தாள். கடைத்தெருவில் அட்வான்ஸைத் தலைமுழுகினால் ஆள் தப்பித்தான். இதுவோ வாலைப் பிடித்தவனை விடாத புலியாக இருக்கிறதே!

பெட்டியில் பணம் இருந்தது. எதிர்வரிசைக் காலிக் கடைக்குச் சாயங்காலம் கொடுக்க வேண்டியது. அதுதான் நிஜமான அட்வான்ஸ். அவள் பெயரில் வரப்போகிற முதல் கடை.

"அதை எடுத்துப் போடுங்க அண்ணி," என்று பக்கத்தில் நின்ற கொழுந்தன் பறந்தான். "நாளைக்கே ஏறிடும். இப்ப விட்டா பயந்தாங்கொள்ளின்னு ஊரே சிரிக்கும்."

"சிரிக்கிறவன் வந்து வாடகை கட்டுவானா?" போனை வாயருகே கொண்டுபோனாள். "தம்பி, இப்பவே வித்துடு."

"கொஞ்சம் பொறுத்துப் பாருங்கக்கா."

"பொறுக்கிறதுக்கும் காசு கேக்குறியே ராசா! வித்துத் தொலை."

மார்ஜினில் பாதிக்குமேல் கரைந்திருந்தது. மிச்சத்தைக் கணக்கு நோட்டில் குறித்துக்கொண்டாள்.

சந்தை மூடுவதற்குள் குறியீடு துள்ளி எழுந்துவிட்டது. சாயங்காலம் கொழுந்தன் போனை நீட்டியபடி எதிர்வரிசைக்கு ஓடிவந்தான். "பாத்தீங்களா? போட்டிருந்தா..."

அண்ணியின் கையில் புதுக் கடையின் சாவி இருந்தது.

"ஏறட்டும், நாளைக்கு விழட்டும், எனக்கென்ன? இனிமே எவனும் போன் போட்டு இந்தக் கடையைக் கேக்க மாட்டான். வாய் பாக்காம அந்தப் பக்கம் பிடி, ஷட்டர் துரு ஏறிக் கெடக்கு."