ஏழாவது பிளாட்பார்ம்

“ஏட்டி ஜினி, இதக் கேட்டுட்டுச் சீக்கிரம் சொல்லு. ஸ்பீக்கர்ல என்னமோ சொன்னாவ, எல்லாவனும் பெட்டியத் தூக்கிட்டு ஓடுதானுவ. இந்த எரைச்சல்ல டிரான்ஸ்லேட் ஆப்புக்கும் ஒண்ணும் பிடி கிடைக்கல்ல. வண்டி போச்சுன்னா எனக்க வேலையும் போச்சு மக்கா.”

பாரீஸ் ரயில் நிலையத்திலிருந்து ஆதிரா அனுப்பிய குரல். கூடவே அறிவிப்பின் பதிவு. தக்கலை மருந்துக்கடையில் மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டிருந்த ஜினிக்கு ஒருமுறை கேட்டதுமே புரிந்துவிட்டது. லியோன் நகருக்குப் போகும் வண்டி இடம் மாறிவிட்டது. ‘வுவா செத்.’ ஏழாவது பிளாட்பார்ம்.

புரியாமல் என்ன செய்யும்? நர்சிங் முடித்த இருவரும் பிரெஞ்சு வகுப்புக்காகக் குழித்துறையிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பாசஞ்சரில் போய்வந்த காலம் முழுக்க அதுதானே விளையாட்டு. ஸ்டேஷனில் அறிவிப்பு வந்தால், அடுத்தது வருவதற்குள் அதைப் பிரெஞ்சில் சொல்லவேண்டும். வண்டி தாமதமென்றால் ‘ரெதார்’. தோற்றவள் பழம்பொரி வாங்கித் தரவேண்டும். பெரும்பாலும் வாங்கியது ஆதிராதான். “நீ கூட வரும்போ நான் எதுக்குட்டி காதைத் தீட்டணும்?” என்பாள். டிக்கெட் கேட்டுப் பழகும்போதுகூட ஒருநாளும் ஒன்று கேட்டதில்லை. ‘தெ பிய்யே’, ரெண்டு டிக்கெட். பிரான்சுக்கு நர்ஸ் வேலைக்குப் போனால் ரெண்டு பேரும், இல்லையென்றால் யாருமில்லை என்று பேச்சு.

“இன்டர்வியூ தள்ளிப் பெய்ட்டு மக்கா, கொச்சிக்கு அலையாண்டாம்” என்று போனில் சொன்னதும் அதே ஆதிராதான். ஜினி உடுத்தியிருந்த சேலையை அவிழ்த்து மடித்து வைத்தாள். மகளுக்கு விசா கிடைத்த சந்தோஷத்தில் ஆதிராவின் அம்மை லட்டோடு வந்தபோதுதான், இன்டர்வியூ அன்றைக்கே நடந்தது தெரிந்தது.

“நீயும் போயிருக்கலாமே மோளே. ஒனக்குப் பேடியாமே, வரமாட்டேன்னு சொன்னியாமே. ஆதிரா சொல்லிச் சங்கடப்பட்டா.”

கடித்த லட்டை ஜினி தட்டிலேயே திரும்ப வைத்தாள். விமானம் ஏறும்போதுகூட ஒரு வார்த்தை சொல்லாதவளின் குரல், இப்போதுதான் வருகிறது.

போன் மறுபடி அதிர்ந்தது. “ஏட்டி, நீ கேட்டுட்டன்னு நீல டிக் விழுந்துட்டு. ஒன்ன விட்டா எனக்கு ஆரு இருக்கா?”

ஜினி 7 என்று அடித்தாள். அழித்தாள். வேண்டுமென்றே 2 என்று அடித்தாள். அதையும் அழித்துவிட்டு மறுபடி 7. மருந்துச்சீட்டை நீட்டியபடி எதிரே ஒருவர் நிற்கிறார். அவள் பெருவிரல் அனுப்பும் பொத்தானுக்கு மேலே அப்படியே நிற்கிறது.

நீங்களே சொல்லுங்கள், அவள் இடத்தில் இருந்தால் அனுப்பியிருப்பீர்களா?